மேசைக்காக வாங்கலாம், வாட்டர் பீட்ஸ் பொட்டலத்தைப் பிரிக்கவே வேண்டாம்

முதலிலேயே முடிவைச் சொல்லிவிடுகிறேன். இந்த சென்சரி ப்ளே (புலன் விளையாட்டு) செட்டில் காசு கொடுத்து வாங்கத் தகுந்தவை மேசை, அதில் உட்காரும் இரண்டு தொட்டிகள், கூடவே வரும் குவளைகள், கரண்டிகள். இவற்றுக்காக நான் தாராளமாகப் பரிந்துரைப்பேன். தொட்டியில் போட்டு விளையாட என்று கொடுத்திருக்கும் பொருட்களில் சில சுமார், ஒன்று மட்டும், அதாவது தண்ணீரில் உப்பும் வாட்டர் பீட்ஸ் மணிகள், சின்னக் குழந்தை இருக்கிற வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வரவே கூடாது.

நான் பள்ளி வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். மகளும் மருமகனும் வேலைக்குக் கிளம்பிய பிறகு பகல் முழுக்கப் பேத்தியும் பேரனும் என் பொறுப்பில். பேத்திக்கு இரண்டரை வயது. பேரன் இன்னும் தவழ்கிறான், கையில் எது அகப்பட்டாலும் அடுத்த நொடி வாய்க்குப் போய்விடும். லேபிளைப் படிக்காமல் எந்த மூடியையும் திறக்காத பழக்கம் என்னோடு வந்துவிட்டது. அதனால் எதில் என்ன கலந்திருக்கிறது, எந்தத் துண்டு எத்தனை மில்லிமீட்டர் என்பதெல்லாம் இங்கே கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும்.

மேசையின் உயரம் மிகச் சரி. பேத்தி நின்றால் தொட்டி விளிம்பு அவள் முழங்கைக்குச் சற்றுக் கீழே வருகிறது. இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். விளிம்பு உயரமாக இருந்தால் குழந்தை தோளைத் தூக்கிக்கொண்டே நிற்கும், அடியில் என்ன இருக்கிறதென்று தெரியாது, சீக்கிரம் அலுத்துப்போகும். தாழ்வாக இருந்தால் குனிந்து குனிந்து கடைசியில் தொட்டிக்குள்ளேயே ஏறி உட்காரும். இந்த மேசையின் காலை இரண்டு நிலைகளில் மாற்றிக்கொள்ளலாம், ஆக அடுத்த வருஷமும் உதவும். மூலைகளை வழவழப்பாக உருட்டியிருக்கிறார்கள். விளிம்பில் கையை அழுத்தித் தேய்த்துப் பார்த்தேன், பிசிறு இல்லை.

ஒவ்வொரு தொட்டியும் பத்து லிட்டர் கொள்ளும். பத்து லிட்டர் தண்ணீர் என்றால் பத்து கிலோ எடை, இரண்டுக்கும் சேர்த்து இருபது. மேசை தாங்குகிறது, ஆடவில்லை. ஆனாலும் நான் அடியில் கொஞ்சமாகத்தான் ஊற்றுவேன். குழந்தைக்கு அள்ளி ஊற்ற அதுவே போதும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: ஐந்து சென்டிமீட்டர் ஆழத் தண்ணீரே ஒரு சின்னக் குழந்தை மூழ்கப் போதுமானது, சத்தமும் வராது. அழைப்பு மணி அடித்தால் ஈரத்தோடு பேத்தியை இடுப்பில் தூக்கிக்கொண்டு பேரனையும் எடுத்துக்கொண்டுதான் கதவைத் திறப்பேன். ஆட்டம் முடிந்ததும் தொட்டியில் ஒரு சொட்டு மிச்சம் வைப்பதில்லை.

தொட்டியின் அடியில் தண்ணீரை வடிக்க ஒரு துளை, அதற்கு ரப்பர் அடைப்பான். யோசனை நல்லது, ஆனால் அடைப்பான் முழுதாக உட்காரவில்லை, சொட்டுச் சொட்டாகக் கசிகிறது. கீழே வாளி வைக்கலாமே என்று தோன்றும். தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் தண்ணீர் சேரும் வாளியைத் தரையில் வைக்கவே கூடாது. தலை குப்புற விழுந்தால் அதனால் எழ முடியாது. தடிமனான துண்டை நான்காக மடித்துப் போட்டுவிடுகிறேன். கம்பெனிக்கு எழுதியிருக்கிறேன், பதில் வரவில்லை.

இந்த செட்டிலேயே சிறந்த பொருள் எது என்று கேட்டால், பெட்டியின் படத்தில் ஓரமாக ஒதுக்கப்பட்டிருக்கும் இரண்டு ஒளி ஊடுருவும் குவளைகளைத்தான் காட்டுவேன். ஒன்று ஒல்லியாக உயரமானது, இன்னொன்று அகலமாகக் குட்டையானது. அளவு ஜாடியில் ஊற்றிப் பார்த்தேன், இரண்டும் ஒரே கொள்ளளவு, 200 மில்லி. தெரிந்துதான் வைத்திருக்கிறார்கள், ஆனால் கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. பேத்தி குட்டைக் குவளையில் கோடு வரை தண்ணீர் எடுத்து உயரக் குவளையில் ஊற்றினாள். மட்டம் மேலே ஏறியதைப் பார்த்ததும், "தாத்தா, நிறைய ஆயிடுச்சு!" என்றாள். திரும்பக் குட்டையில் ஊற்றினாள். "போயிடுச்சு." மறுபடியும் உயரத்தில். "வந்துடுச்சு!" இப்படியே வெகுநேரம். ஸ்விஸ் உளவியலாளர் ழான் பியாஜே குழந்தைகளிடம் செய்து காட்டிய புகழ்பெற்ற சோதனை இதே மாதிரிதான். பாத்திரத்தின் வடிவம் மாறினாலும் அளவு மாறாது என்பது பெரும்பாலும் ஏழு வயதையொட்டித்தான் குழந்தைக்குப் பிடிபடும் என்றார் அவர். நான் திருத்தவில்லை. "இல்லடா கண்ணு, ரெண்டும் ஒண்ணுதான்" என்று சொல்லியிருந்தால் அவள் குவளையை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்திருப்பாள். அவள் கண் தண்ணீர் மட்டத்தின் மேலேயே இருக்கட்டும்.

புலன் விளையாட்டு என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதைத்தான். தொடுவது, கேட்பது, முகர்வது எல்லாம் அதில் உண்டு. அதோடு கனமான குவளையைத் தூக்கும்போது கைத்தசை எவ்வளவு விசை போட வேண்டும் என்று கற்றுக்கொள்வதும் உண்டு. நிரம்பிய குவளையை முதலில் வேகமாகத் தூக்கிச் சிதறவிட்டாள். இப்போது தூக்கும் முன்பே மணிக்கட்டு இறுகுவது தெரிகிறது.

அடுத்து கைனெட்டிக் சாண்ட். ஏறத்தாழ 98 சதவீதம் நைஸான மணல், மீதி 2 சதவீதம் சிலிகோன் எண்ணெய். மணல் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதும், அமுக்கினால் கட்டியாவதும், விட்டால் மெதுவாக வழிவதும் இந்த எண்ணெயால்தான். தண்ணீர் கலக்காததால் காய்ந்துபோவதில்லை, தூசி பறப்பதில்லை. தரம் நன்றாகவே இருக்கிறது. கத்தியால் வெட்டுவது போல் தட்டைக் கரண்டியால் வெட்டினால் பக்கவாட்டில் பளிச்சென்று சுவர் நிற்கும். பேத்திக்கு அந்தச் சுவர் சரிவதைப் பார்ப்பதில்தான் மொத்த ஆர்வமும். "தாத்தா, அது தூங்குது பாரு" என்பாள்.

ஆனால் இந்த மணலோடு சேர்த்து ஒரு புனலையும் கொடுத்திருக்கிறார்களே, யாராவது ஒரு தடவை ஊற்றிப் பார்த்தார்களா? ஒட்டும் மணல் புனலில் இறங்காது. பேத்தி மேலே ஊற்றினாள், அடைத்துக்கொண்டது. தட்டினாள், அசையவில்லை. பிறகு கீழிருந்து சுட்டுவிரலை உள்ளே விட்டுக் குத்தினாள். கட்டியாக ஒரு துண்டு பொத்தென்று விழுந்தது. அந்த விரல் வித்தையை அவளே கண்டுபிடித்ததில் எனக்கு மகிழ்ச்சிதான், ஆனால் எல்லாக் குழந்தையும் அவ்வளவு பொறுக்காது. புனலைத் தண்ணீர்த் தொட்டிக்கு மாற்றிவிடுங்கள். அங்கே அது பிரமாதமாக வேலை செய்யும்.

கைனெட்டிக் சாண்ட் ஈரமானால் காயும் வரை சரியாக இருக்காது. இரண்டு தொட்டியும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் தண்ணீரும் இந்த மணலும் ஒரே நாளில் வேண்டாம். தரையில் சிந்திய துகளைத் துடைப்பத்தால் கூட்டாதீர்கள், அதே மணலில் ஒரு உருண்டை பிடித்து மேலே ஒற்றி எடுத்தால் எல்லாம் அதோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும்.

சாயம் போட்ட அரிசிப் பொட்டலமும் உண்டு. அரிசி புனலில் அழகாக இறங்கும், கொட்டும்போது மழைச் சத்தம் கேட்கும், அதுவரை நல்லதுதான். ஈரக் கை பட்டால் சாயம் விரலில் ஏறுகிறது. மூடியும் காற்றுப் புகாமல் அடைக்கவில்லை என்பதால் பூச்சி வைக்க அதிக நாள் ஆகாது. சாப்பிடும் பொருளை விளையாடக் கொடுக்க மனம் வராதவர்கள் இதைத் தொடவே வேண்டாம். கழுவிக் காயவைத்த விளையாட்டு மணல் போதும்.

மாவு உருண்டைகள், அதாவது ப்ளே டோ வகை, நான்கு வண்ணத்தில். மணம் லேசாக இருக்கிறது, கையில் சாயம் ஒட்டவில்லை. அடிப்பக்க லேபிளில் கண்ணைச் சுருக்கிப் படித்தால்தான் "கோதுமை அடங்கியது" என்பது தெரிகிறது. கோதுமை ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு இது சிறிய எழுத்தில் போட வேண்டிய விஷயமே இல்லை. உப்பும் அதிகம், ஆகவே கடித்துத் தின்ன விடக் கூடாது. இதையே வீட்டில் செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை: வேகவைக்காத பச்சை மாவில் சால்மொனெல்லா, ஈ கோலை போன்ற கிருமிகள் இருக்கக்கூடும். பச்சை மாவில் பிசைந்த களிமண்ணைக் குழந்தைகளுக்கு விளையாடத் தர வேண்டாம் என்று அமெரிக்க நோய்த் தடுப்பு மையமான சிடிசி சொல்கிறது. அடுப்பில் வைத்துக் கிளறிச் செய்யும் முறையைப் பின்பற்றுங்கள்.

இந்த மாவின் கதை எனக்கு மிகவும் பிடிக்கும். ப்ளே டோ முதலில் பொம்மையே இல்லை. நிலக்கரி அடுப்புப் புகையால் கறுத்த சுவர்க் காகிதத்தைத் துடைக்க அமெரிக்காவில் விற்ற பசைதான் அது. நிலக்கரி போய் எரிவாயு வந்ததும் வியாபாரம் படுத்துவிட்டது. கே ஜூஃபால் என்ற மழலையர் பள்ளி ஆசிரியை அந்தப் பசையைத் தன் பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்த்து, இது விளையாட நல்ல பொருள் என்று சொல்ல, 1956இல் அதைப் பொம்மையாக விற்கத் தொடங்கினார்கள். குழந்தைகளின் கைகளைப் பக்கத்தில் இருந்து பார்த்த ஒருவரால் வந்த பொருள் அது.

என் பேத்திக்கு மாவு பிடிக்கவில்லை. விரல் நுனியால் தொட்டாள், ஒட்டியதும் கையை விரித்தபடி நீட்டிக்கொண்டு, "எடு, எடு" என்று அழ ஆரம்பித்தாள். அன்று வீட்டில் இருந்த மகள் உடனே சொன்னாள்: "அப்பா, அவ கையைப் பிடிச்சு அதுல வைக்காதீங்க. ஒரு ஸ்பூன் குடுங்க." சரியான யோசனை. சில குழந்தைகளுக்கு ஒட்டும், ஈரமான பொருள் நிஜமாகவே தொல்லை. அடம் பிடிக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. புலன் ஒருங்கிணைப்பை, அதாவது புலன்கள் தரும் செய்திகளை மூளை ஒன்றுசேர்ப்பதைப் பற்றி முதலில் ஆழமாக எழுதிய தொழில்வழிச் சிகிச்சையாளர் (ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்) ஜீன் ஏர்ஸ், தொடுதலைப் பொறுக்க முடியாத குழந்தைகளைப் பற்றி 1960களிலேயே ஆராய்ந்திருக்கிறார். ஆகவே மாவை மேசையில் வைத்து, பக்கத்தில் ஒரு கிண்ணத் தண்ணீரும் துணியும் வைத்தோம், எப்போது வேண்டுமானாலும் அவளே கையைக் கழுவிக்கொள்ளலாம். கரண்டியால் குத்தினாள். பிறகு கரண்டியைப் பிடித்த கையின் ஓரம் மாவில் பட்டது, கவனிக்காத மாதிரி இருந்தாள். ஜிப் பையில் வண்ணத்தை ஊற்றி, ஒட்டுநாடாவால் மேசையில் ஒட்டி, பைக்கு மேலாக அமுக்க விடுவதும் உதவுகிறது. சாப்பிடுவது, உடை போடுவது, குளிப்பது என எல்லாவற்றிலும் இந்தத் தொல்லை இருந்தால் இத்தகைய சிகிச்சையாளரிடம் காட்டுவது நல்லது. எந்தப் பெட்டியும் அதற்கு மாற்று இல்லை.

இனி வாட்டர் பீட்ஸ். கடுகளவு வண்ண மணிகள், தண்ணீரில் போட்டால் உப்பிக் கோலிக்குண்டு போல் ஆகும். இவை அதிகம் உறிஞ்சும் பாலிமர், டயப்பருக்குள் இருக்கும் பொருளின் உறவுக்காரர். எடையில் பல மடங்கு தண்ணீரை இழுத்துக்கொள்ளும். அந்த வேலையை அது குடலுக்குள் போனாலும் செய்யும் என்பதுதான் பிரச்சினை. விழுங்கிய மணி உள்ளே பெருத்துக் குடலை அடைத்துவிடும். எக்ஸ்ரேயில் பொதுவாகத் தெரியாது, ஆகவே வாந்தியோடு வரும் குழந்தைக்கு என்ன நேர்ந்தது என்று மருத்துவருக்கே புலப்படத் தாமதமாகும். காதிலும் மூக்கிலும் போட்டுக்கொண்ட குழந்தைகளும் உண்டு. அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் மதிப்பீட்டின்படி 2016 முதல் 2022 வரை இதற்காக அவசர சிகிச்சைக்குச் சென்றது ஏறத்தாழ 7,800 தடவை. 2023 ஜூலையில் பத்து மாதக் குழந்தை ஒன்று இதை விழுங்கி இறந்தது. அந்த வருஷக் கடைசியில் அமேசான், வால்மார்ட், டார்கெட் ஆகிய மூன்றும் குழந்தைகளுக்கான வாட்டர் பீட்ஸ் விற்பதை நிறுத்துவதாக அறிவித்தன.

இவ்வளவுக்குப் பிறகும் இதை ஒரு சின்னப் பிள்ளை செட்டில் வைப்பது எனக்குக் கோபத்தை வரவழைக்கிறது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாலும் பயனில்லை, ஒரு மணி தெறித்து சோஃபாவுக்கு அடியில் போனால் போதும், தவழும் பேரன் அதை எனக்கு முன்பே கண்டுபிடிப்பான். பொட்டலத்தைப் பிரிக்காமலேயே இன்னொரு பையில் போட்டு இறுகக் கட்டி வெளிக் குப்பையில் சேர்த்துவிட்டேன். கழிப்பறையில் கொட்டாதீர்கள், குழாய்க்குள் உப்பி அடைக்கும். உங்கள் பிள்ளை விழுங்கிவிட்டதோ என்று சந்தேகம் வந்தாலே போதும், காத்திருக்காமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள், "வாட்டர் பீட்ஸ்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், பாக்கெட்டையும் எடுத்துச் செல்லுங்கள்.

பெட்டியின் முன்பக்கத்தில் உட்கார்ந்து சிரிப்பது ஒரு வயதுகூட ஆகாத குழந்தை. பின்பக்கத்தில் மூலையில், 36 மாதத்துக்குக் குறைந்தவர்களுக்கு ஏற்றதல்ல என்ற குறி. இரண்டில் எதை நம்புவது? செட்டில் வரும் பிளாஸ்டிக் மீன்களில் சின்னதை வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்தேன், நீளமே 20 மில்லிமீட்டர்தான். மூன்று வயதுக்குட்பட்டவர்களின் பொம்மைகளைச் சோதிக்கும் உருளையின் விட்டம் 31.7 மில்லிமீட்டர். அதற்குள் முழுதாக அடங்கும் எதுவும் தொண்டையை அடைக்கக்கூடும் என்பது கணக்கு. அந்த மீன்கள் இப்போது மேல் அலமாரியில் இருக்கின்றன. பேத்தி தேடவும் இல்லை.

பேரனுக்கு என்ன செய்வது? அதற்கு எந்த செட்டும் வாங்க வேண்டாம். எலினோர் கோல்ட்ஷ்மீட் என்ற பிரிட்டிஷ் கல்வியாளர் உட்காரப் பழகிய குழந்தைகளுக்காக ஒரு புதையல் கூடையை முன்வைத்தார். தாழ்வான கூடையில் மரக்கரண்டி, உலோகக் கிண்ணம், பெரிய தக்கை, தோல் பை, சுத்தமான தூரிகை என்று வீட்டுப் பொருட்கள், பிளாஸ்டிக் பொம்மை மட்டும் கிடையாது. பெரியவர் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருப்பார். அதைத்தான் செய்கிறேன். பேரன் உலோகக் கிண்ணத்தை எடுத்து நாக்கால் தொட்டு, அதன் குளிர்ச்சியில் திடுக்கிட்டு, என்னைப் பார்த்து, மறுபடியும் நாக்கால் தொடுகிறான். எல்லாப் பொருளும் வாயில் போகும் என்று வைத்துக்கொண்டே தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த உருளைக் கணக்கு இங்கேயும் பொருந்தும்.

கையேடு அழகான அச்சு. ஆனால் பண்ணை, கடல், விண்வெளி என்று ஒவ்வொரு பக்கமும் ஒரு ஜோடனை. பெரியவர் அரைமணி நேரம் உட்கார்ந்து அடுக்க வேண்டும், குழந்தை அதை ஒரே கையால் ஒதுக்கித் தள்ளிவிட்டு அள்ளி ஊற்ற ஆரம்பிக்கும். கையேட்டை ஓரம் வைத்துவிட்டு ஒரு தொட்டியில் ஒரே ஒரு பொருள், இரண்டு மூன்று கருவி, அவ்வளவு போதும். நடுவில் நிறுத்தி "இது என்ன நிறம், எத்தனை இருக்கு" என்று கேள்வி கேட்காதீர்கள்.

இந்தத் தொட்டியில் நான் மிகவும் ரசிப்பது செட்டில் இல்லாத ஒன்று. கார்ன்ஃப்ளோர் இரண்டு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கலக்குங்கள். வேகமாகக் குத்தினால் கல், மெதுவாக விரலை விட்டால் பால். நியூட்டனின் பாகுநிலை விதிக்குக் கட்டுப்படாத பாய்மம் என்று பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்குச் செய்முறையில் காட்டுவோம். அதே வியப்பு இரண்டரை வயது முகத்திலும் வருகிறது. மாவைத் தொட மறுத்த பேத்தி இதை உள்ளங்கையால் அறைந்தாள். ஒட்டவில்லை என்றதும் கையைப் புரட்டிப் பார்த்தாள், பிறகு மறுபடியும் அறைந்தாள். அன்றன்றைக்குச் செய்து அன்றே அகற்றிவிடுங்கள். சிங்க்கில் ஊற்றினால் அடியில் படிந்து இறுகிவிடும். காயவிட்டால் தூளாகும், கூட்டிக் குப்பையில் போடலாம்.

செட்டோடு வரும் தரைவிரிப்பு சிறியது, ஈரம் பட்டால் வழுக்குகிறது, அதை எடுத்து வைத்துவிட்டேன். பழைய பெரிய பெட்ஷீட்டே மேல். ஆட்டம் முடிந்ததும் நான்கு மூலையையும் சேர்த்துத் தூக்கினால் சிந்தியது எல்லாம் நடுவில் திரண்டு, அப்படியே தொட்டிக்குள் போய்விடும். குளிப்பாட்டும் நேரத்துக்குச் சற்று முன்பு ஆட்டத்தைத் தொடங்கினால் உடை மாற்றும் வேலையும் ஒன்றாகிவிடும். ஆனால் பேரன் தூங்கும்போதுதான் சிறிய பொருட்கள் எதுவும் வெளியே வரும். அவன் எழுந்தால் மூடி போட்டுவிட்டுத் தண்ணீருக்கு மாறுவோம், அல்லது கூடைக்கு.

மேசையைத் தனியாக விற்கிறார்களா என்று வாங்கும் முன் விசாரியுங்கள். தனியாகக் கிடைத்தால் அதையே எடுங்கள். இல்லையென்றால் முழு செட்டை வாங்கி, பெட்டியைக் குழந்தைகள் முன்னால் திறக்காமல், இரவில் அவர்கள் தூங்கிய பிறகு பிரித்து, வாட்டர் பீட்ஸையும் மீன்களையும் முதலில் எடுத்துவிடுங்கள். தொட்டிகளின் அடைப்பான்கள் கசிகின்றனவா என்பதையும் அன்றே தண்ணீர் ஊற்றிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள், திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள்.